மேனாட்டுப் புரட்சிகளும் அறிவின் எல்லையும்

தோற்றுவாய்

உயிர் அறிவுடைய பொருள். எனினும் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் ஞாயிற்றின் ஒளி கூடாதவழி அது காண்பதில்லை. அங்ஙனமே உயிரும் தான் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நின்று விளங்கும். மலத்தைச் சார்ந்துழி மலத்தின் வண்ணமாகும். அருளைச் சார்ந்துழி அருளின் வண்ணமாகும். இவ்வுண்மை தனி உயிர்கட்கு மாத்திரம் உரியதோ, மக்கட் கூட்டங்கட்கும் நாடுகட்கும் உரியதோ என்று ஆராயப் புகுவார்க்கு, மேனாட்டின் பிற்காலச் சரித்திரம் மிகச் சிறந்த கருவியாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூன்று பெருமாறுதல்கள் நிகழ்ந்தன. அறிவொளி என்று மேனாட்டார் பெயரிட்டு வழங்கும் கருத்து மாறுதல் ஒன்று. முடியரசுகளைக் கவிழ்த்த அரசியற் புரட்சி மற்றொன்று. கைத்தொழில் பொறித்தொழிலாய் மாறியது மூன்றாவது. குடியரசு, சட்டத்தின்முன் சமன்மை, சமயப் பொறை, தொழிற்சாலை, இருப்புப்பாதை, நாளிதழ் என இன்று உலகில் வழங்குவனவற்றிற் பெரும்பாலன இம்மூன்றன் வழிவந்தனவே. இவற்றை முற்றும் பழிப்பாரும் உளர். முற்றும் புகழ்வாரும் உளர். சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதன் மதத்தை முதற்கண் வைத்து, பிறர் கொள்கைகளை அவரவர் கூறுமாறே நிறுத்தி, அதன் பின்னரே மறுத்துச் செல்கின்றது. பிறர் கூற்றை முழுதும் கேளாது மறுத்தல் சைவநூல் மரபன்று. ஆகலின் அம்முறையே ஈண்டும் கொள்ளப்படுகின்றது.

அறிவொளிக் காலம்

1687-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு நியூட்டன் என்பார் இயற்கை ஆராய்ச்சியின் கணித முதல்கள் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மரத்தினின்றும் கனி வீழ்தலும், மதி நிலத்தைச் சுற்றி வருதலும் ஒரே விதியின்பாற் பட்டன என்பதை அவர் கணக்கினால் நிறுவினார். இவர் கடவுட் கொள்கை மிக்கவர். ஆயினும் அவர்பின் வந்தோர் வேறொரு முடிபிற் சென்றனர். வானத்துக் கோள்கள் ஒரு விதிக்கு அடங்கி நிற்குமாயின், மக்கள் வாழ்வும் அரசும் சமயமும் அங்ஙனமே அறிவினால் ஆராய்ந்து திருத்தத்தக்கன அல்லவோ என்பது அவர் வினா. ஜான் லாக் என்பார் 1689-ல் வெளியிட்ட அரசியல் நூலில், அரசன் ஆளும் உரிமை குடிகளின் உடன்பாட்டினின்றும் தோன்றுவது என்றார். மான்தெஸ்கியூ 1748-ல், சட்டம் ஆக்குதலும் அதனை நடத்துதலும் வழக்குத் தீர்த்தலும் ஒருவர் கையில் இருத்தல் கூடாது என்றார்.

1751 முதல் 1772 வரையில் திதெரோ என்பார் பதிப்பாசிரியராய் நின்று வெளியிட்ட கலைக்களஞ்சியம் இக்காலத்தின் தலைசிறந்த முயற்சியாகும். தொடக்கத்தில் தாலம்பேர் என்னும் கணித வல்லாரும் அவர்க்குத் துணைநின்றார். பதினேழு தொகுதிகள் உரையும், பதினொரு தொகுதிகள் படமுமாக அது வெளிவந்தது. தச்சன், கொல்லன், நெய்வோன், ஊசி செய்வோன் முதலியோர் தம் தொழிற் கருவிகளையும் தொழில் செய்யும் முறையையும் அது படத்தில் வரைந்து விளக்கிற்று. அதுகாறும் கற்றோர் நூலில் இடம்பெறாத கைவினையாளர் அறிவும் அறிவே என அது காட்டியது பெருஞ்செயல் என்க. 1759-ல் பிரஞ்சு அரசு அதற்கு அளித்த இசைவை நீக்கிற்று. உரோமைத் திருச்சபையும் அதனை விலக்கிற்று. அவ்வாறாகியும் பணி நின்றிலது.

இவ்வறிவுடையோர் திருச்சபையைப் பகைத்தது எதனால் எனின், ஒரு வழக்கினைக் கூறுதல் போதியது. தூலூசு நகரத்து வணிகராகிய ழான் கலாசு என்பார் சீர்திருத்தக் கிறித்தவர். 1761-ல் அவர்தம் மூத்த மகன் வீட்டில் தூக்கில் இறந்து கிடந்தான். அவன் கத்தோலிக்க சமயம் புக எண்ணியதனால் தந்தையே கொன்றான் என்று ஊரார் கூறினர். தக்க சான்று யாதும் இல்லை. எனினும் 1762 மார்ச்சு 10-ஆம் நாள், அம்முதியவர் சக்கரத்திற் கட்டப்பட்டு எலும்பு முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இறுதிவரை தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறினர். இச்செய்தி கேட்ட வால்தேர் என்னும் பேரறிஞர் மூன்றாண்டு ஓயாது எழுதியும், பெரியோரைக் கண்டும், பொருள் திரட்டியும் போராடினார். 1763-ல் சமயப் பொறை பற்றி ஒரு நூலும் இயற்றினார். 1765-ல் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டு, இறந்தார் குற்றமற்றவர் என்று நிறுவப்பட்டது. 1764-ல் இத்தாலி நாட்டு பெக்காரியா என்பார் சித்திரவதையையும் கொலைத்தண்டத்தையும் கண்டித்து எழுதிய நூல் நாடுதொறும் பரவிற்று. அறிவு இரக்கத்தைச் சார்ந்த இடங்கள் இவை. சமயத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமையை அறிவு தடுத்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

1755 நவம்பர் முதல் நாள் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் பெரு நிலநடுக்கம் நேர்ந்தது. அன்று அனைத்துப் புனிதர் திருநாள். கோயில்களில் மக்கள் நிறைந்திருந்தனர். பல்லாயிரவர் மாண்டனர். அருளுடைய இறைவன் தன்னை வழிபட்டு நின்றாரை இங்ஙனம் அழிப்பனோ என்ற வினா ஐரோப்பா எங்கும் எழுந்தது. ஒரே பிறவியென்று கொண்டார்க்கு இறைவன் சினந்தான் என்றேனும், இறைவன் கவலைகொள்வதில்லை என்றேனும் கூறுதலன்றி வேறு வழி அரிதாயிற்று. வினையும் மறுபிறப்பும் அனாதி மலமும் கொண்ட சித்தாந்திக்கு இவ்வினா வேறு முகமாய்த் தோன்றும். எனினும் வினைக்கொள்கை துன்புற்றாரைப் பழித்தற்கு எழுந்ததன்று. துன்பத்தின் காரணம் இறைவன் கொடுமையன்று என்று தெளிதற்கு எழுந்தது. வால்தேரின் வினாவை எள்ளி நகையாடுவார் அதன் பின்நின்ற கண்ணீரை அறியார்.

ஒரு போலி வேதம்

இவ்வறிஞர்தம் ஆராய்ச்சி தமிழ்நாட்டை நேரே தொட்ட இடம் ஒன்று உண்டு. 1760-ல் மோதாவு என்னும் பிரஞ்சுப் பிரபு, இந்தியாவினின்றும் கொணர்ந்த 'எசூர்வேதம்' என்ற கையெழுத்து நூலை வால்தேருக்கு அளித்தார். அந்நூல் பிரஞ்சு மொழியில் இருந்தது. உருவ வழிபாட்டைக் கடிந்து ஒரே கடவுளை நிறுவுவதாய் அமைந்திருந்தது. வால்தேர் அதனை மிகத் தொன்மையான வேதவுரை என்று நம்பி, 1761-ல் அரசர் நூல்நிலையத்தில் சேர்ப்பித்தார். விவிலியத்திற்கு முன்னரே தூய கடவுட்கொள்கை கீழ்நாட்டில் இருந்தது என்பதற்கு அதனைச் சான்றாக்கினார். 1778-ல் அது அச்சேறியது. பின்னர், திருக்குறளுக்கு உரை வரைந்தவரென்று தமிழ்ப் புலவர் நன்கறிந்த எல்லீசு துரை, புதுச்சேரிப் பாதிரிமாரிடம் இருந்த ஏடுகளை ஆராய்ந்து, அது வேதமன்று, பாதிரிமார் ஆக்கிய போலிநூல் என்று காட்டினார். அவர் கட்டுரை, அவர் மறைந்தபின் 1822-ல் வெளிவந்தது.

அதே காலத்தில் புதுச்சேரியிலிருந்த மரிதாசு பிள்ளை என்னும் தமிழர், பாகவதத்தைத் தமிழ்வழி கற்றுப் பிரஞ்சு மொழியிற் பெயர்த்திருந்தார். அம்மெய்ந்நூல் 1788-ல்தான் பாரிசில் வெளிவந்தது; வால்தேர் இறந்து பத்தாண்டு கழிந்திருந்தது. ஐயுறுதலே அறிவின் தொடக்கம் என்ற பெருமகனார் தம் கட்சிக்கு உதவிய நூலை மாத்திரம் ஐயுறாது ஏற்றது எதனால்? விருப்பைச் சார்ந்த அறிவு விருப்பின் வண்ணமாய் நின்றதனால் என்க. அப்பிழையைத் திருத்தியதும் ஆராய்ச்சி அறிவே என்பதும் உடன்வைத்து நோக்கற்பாலது.

பிரஞ்சுப் புரட்சி

1776 ஜூலை 4-ஆம் நாள் வட அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பதின்மூன்றும் ஆங்கில முடியினின்றும் பிரிந்தன. அவற்றிற்குத் துணைசெய்த பிரஞ்சு அரசு பெருங்கடனில் ஆழ்ந்தது. 1788-ல் விளைவு பொய்த்தது. அப்பத்தின் விலை ஏறிற்று. குருமார், பிரபுக்கள், ஏனைக் குடிகள் என மக்கள் மூவகையினராய் வகுக்கப்பட்டிருந்தனர். நாட்டு நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு திருச்சபையின் உடைமை. இதனோடு குடிகளின் விளைவில் ஒரு பகுதியும் அதற்குச் சென்றது. அச்சபையோ அரசுக்கு நேர்வரி இறுப்பதில்லை. தானே விரும்பி அளிக்கும் கொடையே அளித்து வந்தது. மேற்குருமார் பிரபுக்களின் குடியிற் பிறந்து மாளிகைகளில் வாழ்ந்தனர். சிற்றூர்க் குருமார் குடிகளோடு ஒப்ப வறுமையில் உழன்றனர்.

ஆதலின் 1789 மே 5-ஆம் நாள் மூவகையார் பேரவை கூடியபோது, ஊர்க்குருமார் பலர் மேற்குருமாரை விட்டு நீங்கிக் குடிகளோடு சேர்ந்தனர். தொடக்கத்தில் அப்புரட்சி சமயத்தைப் பகைத்து எழுந்ததன்று என்பது இதனாற் பெறப்படும். ஜூலை 14-ல் பாஸ்தீல் கோட்டை வீழ்ந்தது. ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவில் பிரபுக்கள் தம் பழவுரிமைகளைத் துறந்தனர். ஆகஸ்டு 26-ல் பதினேழு பிரிவுகள் கொண்ட மனித உரிமைச் சாதனம் நிறைவேறிற்று. மக்கள் யாவரும் உரிமையிற் சமமானவர் என்பது அதன் உயிர்நிலை. பரம்பொருளின் திருமுன்னர் இதனை வெளியிடுகின்றோம் என்ற கருத்தும் அதன் முகப்பில் இருந்தது.

நவம்பரில் திருச்சபை உடைமை முழுதும் நாட்டுடைமையாக்கப்பட்டது. 1790-ல் துறவு நோன்புகள் சட்டத்தால் நீக்கப்பட்டன. குருமார் அரசின் ஊழியராய் ஆணையிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஊர்க்குருமாரில் ஏறத்தாழப் பாதியர் மறுத்தனர். அரசுக்கும் மனச்சான்றுக்கும் இடையே அகப்பட்ட மக்கள் இருபிளவாயினர். 1793-ல் மேற்குக் கரைப்பகுதியில் உள்நாட்டுப் போர் மூண்டு, ஊர்கள் எரிக்கப்பட்டன.

பொருளைத் தொகுத்து வைத்து, அறத்தைச் சுருக்கி, அடியாரினும் ஆட்சியாளரையே அணுகிநின்ற ஒரு சமய நிலையம் எங்ஙனம் வீழும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. வெளியினின்றும் வந்த பகையினும் உள்ளே விளைந்த குறையே அதனை முதலில் அரித்தது. அறக்கட்டளைகளைக் காக்கும் பொறுப்புடையார் எந்நாட்டாராயினும் இதனை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும்.

பகுத்தறிவுத் திருவிழா

1793 ஜனவரி 21-ல் மன்னன் பதினாறாம் லூயி தலை துணிக்கப்பட்டான். அவ்வாண்டு அக்டோபரில் கிறித்தவ ஆண்டுமுறை விலக்கப்பட்டுப் புதிய பஞ்சாங்கம் வந்தது. திங்கள் ஒன்றுக்கு முப்பது நாள்; கிழமைக்குப் பத்து நாள்; ஞாயிற்றுக்கிழமை இல்லை. கோயில் மணிகள் உருக்கப்பட்டுப் பீரங்கிகளாயின. நவம்பர் 10-ஆம் நாள் பாரிசின் தலைமைக் கோயிலாகிய நோத்ர்தாமில் பகுத்தறிவுத் திருவிழா நடைபெற்றது. உள்ளே மலைபோல் ஒன்று கட்டி, அதன்மேல் மெய்யறிவுக்கு ஒரு கோயில் சமைத்து, இசைநாடக அரங்கின் நடிகை ஒருத்தியைத் தெய்வக் கோலம் புனைந்து அமர்த்தி வணங்கினர். உருவ வழிபாட்டை மூடச்செயல் என்று இகழ்ந்தோர் தம் கொள்கைக்கே ஓர் உருவம் சமைத்து வழிபட்டது, உயிரின் இயல்பு அறிந்தார்க்கு வியப்பன்று. உருவின்றி அருவத்தை நினைத்தல் உயிர்க்கு எளிதன்று.

அக்கோயில் முகப்பில் நின்ற இருபத்தெட்டுக் கற்படிமங்களைப் பிரஞ்சு மன்னர் உருவங்கள் எனக் கருதித் தலை அரிந்தனர். அவை உண்மையில் விவிலியத்துக் கூறும் யூத மன்னர் படிமங்களே. அத்தலைகளுள் இருபத்தொன்று 1977-ல் பாரிசில் நிலத்தடியில் அகப்பட்டன. பகுத்தறிவின் பெயரால் வீசிய உளி பகுத்தறியாது வீசப்பட்டமைக்கு அக்கற்களே சான்று.

புரட்சித் தலைவருள் முதல்வராகிய ரோபெஸ்பியர் நாத்திகத்தை வெறுத்தவர். 1794 மே 7-ஆம் நாள், பரம்பொருள் உண்டு, உயிர் அழிவற்றது என்று அவர் பேரவையில் தீர்மானம் செய்வித்தார்! ஜூன் 8-ல் பரம்பொருள் திருவிழா நிகழ்ந்தது. நாத்திகத்தின் படிமத்திற்கு அவர் தீயிட, அதனுள்ளிருந்து மெய்யறிவின் படிமம் தோன்றுமாறு அமைத்திருந்தனர். தோன்றியதோ புகையாற் கரிபிடித்துத் தோன்றிற்று. அவ்விழா நிகழ்ந்த இரண்டாம் நாளே, குற்றஞ்சாட்டப்பட்டார்க்கு வழக்குரைப்பாரும் சான்றும் வேண்டா என்னும் கொடுஞ்சட்டம் வந்தது. ஜூலை 28-ல் ரோபெஸ்பியரே கொலைப்பொறியிற் பட்டார். அச்சுறுத்தல் ஆட்சியில் வழக்குமன்றத் தீர்ப்பால் மாத்திரம் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 17,000 பேர். பெண்ணுக்கும் அவ்வுரிமைகள் உண்டென்று 1791-ல் எழுதிய ஒலிம்பு தெ கூழ் அம்மையார் 1793 நவம்பரிற் கொல்லப்பட்டார். இரசாயன நூலுக்கு அடிகோலிய லவாசியே 1794 மேயிற் கொல்லப்பட்டார். மனித அறிவு எல்லையின்றி வளரும் என்று ஒளிந்திருந்தே நூல் எழுதிய கொந்தோர்சே, அதே ஆண்டிற் சிறையில் இறந்தார். அறிவின் பெயரால் நடந்த ஆட்சி அறிஞரையே விழுங்கிற்று.

சமய நம்பிக்கையைச் சட்டத்தால் அழித்தலும் இயலாது, சட்டத்தால் ஆக்கலும் இயலாது என்பதே இவ்விரு திருவிழாக்களின் முடிந்த பொருள். 1801-ல் நெப்போலியன் உரோமைத் திருச்சபையோடு உடன்படிக்கை செய்தான். 1806 முதல் நாளோடு புதிய பஞ்சாங்கமும் மறைந்தது.

செந்தோமிங்குத் தீவு

பிரஞ்சு நாட்டின் செல்வத்தில் ஒரு பெரும்பகுதி மேலைக்கடலிலுள்ள செந்தோமிங்குத் தீவினின்றும் வந்தது. ஆங்கே சர்க்கரையும் காப்பியும் விளைவித்தோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள். மக்கள் யாவரும் சமம் என்று 1789-ல் சாதித்த பேரவை இவர்களை விடுவித்திலது. உரிமை நூல் எழுதிய ஜான் லாக்கே அடிமை வாணிகக் கும்பினியிற் பங்கு வைத்திருந்தவர். அமெரிக்க உரிமைச் சாதனம் வரைந்த ஜெபர்சன் நூற்றுக்கணக்கான அடிமைகளை உடையவர்.

1791 ஆகஸ்டில் அவ்வடிமைகள் தாமே எழுந்தனர். 1794 பிப்ரவரி 4-ல் பாரிசுப் பேரவை அடிமைமுறையை ஒழித்தது. தீவில் எழுந்த தீயே அத்தீர்மானத்தை எழுதுவித்தது என்க. அடிமையாய்ப் பிறந்த தூசான் லூவர்த்தூர் என்பார் படைத்தலைவராயும் ஆட்சித் தலைவராயும் உயர்ந்தார். 1801-ன் இறுதியில் நெப்போலியன் அடிமைமுறையை மீட்டும் நிறுவப் படை விடுத்தான். தூசான் பிடிக்கப்பட்டுப் பிரஞ்சு நாட்டுப் பனிமலைச் சிறை ஒன்றில் 1803-ல் இறந்தார். ஆயினும் அப்படை தோற்றது. 1804 ஜனவரி முதல் நாள் ஹெய்தி என்னும் பெயரால் அத்தீவின் மக்கள் தனிநாடாயினர். 1825-ல் பிரஞ்சு அரசு, தான் இழந்த உடைமைக்கு ஈடாக 15 கோடி பிராங்கு அந்நாட்டினிடம் கேட்டது. அவ்வுடைமையில் அம்மக்களின் உடலும் ஒன்றாய் எண்ணப்பட்டது! பின்னர்க் குறைக்கப்பட்ட அக்கடன் அந்நாட்டைப் பல தலைமுறை வாட்டியது.

ஆங்கில அரசு 1807-ல் அடிமை வாணிகத்தை விலக்கி, 1833-ல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் செய்து, இரண்டு கோடி பவுன் ஈடு அளித்தது. அவ்வீடு அடிமைகட்கன்று, அவரை உடைமையாய் வைத்திருந்தார்க்கே சென்றது. கரும்புத் தோட்டங்களில் ஆள் இன்மையால் ஒப்பந்தக் கூலிமுறை தோன்றிற்று. 1834 முதல் மொரீசுத் தீவுக்கும், பின்னர் நேத்தாலுக்கும், புதுச்சேரி காரைக்கால் துறைகளினின்றும் பிரஞ்சுத் தீவுகளுக்கும் தமிழ்மக்கள் ஏற்றப்பட்டனர். அத்தீவுகளில் எழுந்த முருகன் கோயில்களும் மாரியம்மன் கோயில்களும் காவடி விழாக்களும் அவர் தம்மோடு கொண்டுசென்ற ஒரே செல்வத்தைக் காட்டுவன. 1917-ல் அவ்வாட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

நீராவியும் ஆலையும்

சோழமண்டலக் கரையின் சாயமிட்ட சீட்டித் துணிகள் ஒருகால் ஐரோப்பியர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. ஆங்கில நெசவாளர் முறையிட, 1700-லும் 1721-லும் இத்தகைய துணிகளைத் தடுத்து இலண்டனில் சட்டங்கள் பிறந்தன. அத்தடுப்பின் நிழலில் அந்நாட்டுப் பருத்தித் தொழில் வளர்ந்தது. ஆர்க்ரைட் என்பார் 1769-ல் நீரால் இயங்கும் நூற்பொறிக்கு உரிமை பெற்று, 1771-ல் குராம்போர்டு என்னுமிடத்தில் ஆலை எடுத்தார். அதே 1769-ல் ஜேம்ஸ் வாட் என்பார் நீராவிப் பொறியைத் திருத்தி உரிமை பெற்றார். முன்னைய பொறியில் நீராவியைக் குளிர்விக்கும்போதெல்லாம் உருளையும் குளிர்ந்து, நிலக்கரி வீணாயிற்று. வாட் குளிர்விக்கும் கலத்தை வேறாக்கி அவ்விழப்பை நீக்கினார். ஆற்றங்கரையில் நின்ற ஆலை நகர்க்கு வந்தது. 1801-ல் ஏறத்தாழ முக்கால் இலட்சம் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டர், 1851-ல் மூன்று இலட்சம் மக்கள் வாழும் நகரமாயிற்று. 1830-ல் அந்நகர்க்கும் லிவர்ப்பூலுக்கும் இடையே நீராவி வண்டி ஓடியது.

பொறி பெருகவே பருத்தியின் தேவை பெருகிற்று. 1793-ல் அமெரிக்காவில் விட்னி என்பார் பஞ்சினின்றும் விதை நீக்கும் பொறி கண்டார். உழைப்பைக் குறைக்க வந்த அப்பொறி அடிமைமுறையை வளர்த்தது. அந்நாட்டில் 1790-ல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த அடிமைகள் 1860-ல் ஏறத்தாழ 40 இலட்சமாயினர். பொறிக்கு அறம் இல்லை, மறமும் இல்லை; அதனை ஏவும் நெஞ்சத்தின் வண்ணமே அதன் வண்ணம்.

ஆங்கில நாட்டிலும் ஏழை மக்கள் உற்றது பெருந்துன்பம். சிறார் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேலும் ஆலையில் நின்றனர். 1842-ல் வெளிவந்த சுரங்க ஆராய்ச்சி அறிக்கை, ஐந்தாறு வயதுக் குழவிகள் நிலத்தடி இருளில் காற்றுக்கதவைத் திறந்து மூடத் தனியே அமர்த்தப்பட்டமையைப் படத்தோடு காட்டிற்று. கைத்தறியாளர் 1811 முதல் பொறிகளை உடைத்தனர். 1812-ல் அதற்குக் கொலைத்தண்டம் விதிக்கப்பட்டது. 1819 ஆகஸ்டு 16-ல் மான்செஸ்டரில் வாக்குரிமை வேண்டிக் கூடிய ஏறத்தாழ 60,000 மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தது. பதினைவர்க்குக் குறையாமல் மாண்டனர். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது வயதிற்குக் குறைந்தாரைத் துணியாலைகளில் அமர்த்தலை விலக்கி, அது நடைபெறுகின்றதா என்று பார்க்க அரசின் மேற்பார்வையாளரையும் ஏற்படுத்தியது. 1842-ல் பெண்டிரும் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்தினின்றும் விலக்கப்பட்டனர். 1847-ல் பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் வேலைநேரம் பத்து மணியாயிற்று. இவற்றிற்குப் பாடுபட்டோருள் ஆஷ்லி பிரபு முதலாயினார் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். இராபர்ட் ஓவன் போன்றார் திருச்சபைக் கொள்கைகளை மறுத்தவர். இருதிறத்தாரும் ஒன்றுபட்ட இடம் இரக்கம் என்பது மறக்கற்பாலதன்று.

கடாவும் விடையும்

ஈண்டு ஒரு கடா நிகழும். சித்திரவதையை ஒழித்ததும், அடிமைத்தளையை அறுத்ததும், குடிகட்கு உரிமை ஈந்ததும் அறிவின் செயல் எனின், அவ்வறிவே போதாதோ, அருள் எதற்கு என்பார்க்கு விடை கூறுதும். அறிவை இகழ்வது சைவமன்று. சித்தாந்த நூலாசிரியர் அளவை இலக்கணத்தை முதற்கண் வைத்தே பொருளாராய்ச்சி தொடங்குவர். ஆயினும் அளவை என்பது அளக்கும் கருவி. அதனைக் கையிற் கொண்டவன் யாவன் என்பது வேறு வினா. கலாசின் குடும்பத்தைக் காத்ததும் அறிவு. வழக்கின்றிக் கொல்லச் சட்டம் வரைந்ததும் அறிவு. மக்கள் சமம் என்று எழுதியதும் அறிவு. அடிமைக்கு விலைகணக்கிட்டதும் அறிவு. கருவி ஒன்றே; சார்பு வேறு.

அற்றேல், சமயவாதியரும் கலாசைக் கொன்றனரே எனின், உண்மை. ஆணவம் பகுத்தறிவின் உடையை மாத்திரம் அணிவதன்று; குருவின் உடையையும் அணியும். யான் கண்டதே உண்மை, ஏனையோர் அழிதற்குரியர் என்று எழும் நினைவே அதன் அடையாளம். அஃது எங்கு எழினும் மலத்தின் காரியமே.

முடிபு

இப்புரட்சிகளின் பயன் சைவத்திற்கும் வந்தது. 1814-ல் இலண்டனில் ஒரு நாளிதழ் முதன்முதல் நீராவி அச்சுப்பொறியில் மணிக்கு 1,100 தாளாக அச்சாயிற்று. 1835-ல் இந்தியாவில் அச்சுக்கூடம் வைத்தற்கு இருந்த தடை நீங்கியது. 1849-ல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். செல்லரித்து அழிய இருந்த சைவ ஏடுகள் நூலாகி ஏழையர் கைக்கும் எட்டின. மேனாட்டாரின் பொறியை நாவலர் அஞ்சவுமில்லை, வணங்கவுமில்லை, திருத்தொண்டிற்கு ஏவல்கொண்டார்.

எஞ்சியது ஒன்று. மக்கள் யாவரும் சமம் என்று பாரிசுப் பேரவை சாதித்தது. எதனாற் சமம் என்பதற்கு உறுதியான அடிப்படை அதனிடம் இல்லை. சித்தாந்தத்தில் அவ்வடிப்படை உண்டு. உயிர்கள் யாவும் அனாதி. யாவும் மலத்தாற் கட்டுண்டன. யாவும் ஒரே திருவருளுக்கு உரியன. குலமும் செல்வமும் மாயையின் காரியமாகிய உடம்பைப் பற்றியன, உயிரைப் பற்றியனவல்ல. ஆயினும் இத்துணிபைச் சாத்திரத்தில் வைத்து வாழ்க்கையில் வையாமை, உரிமைச் சாதனத்தை எழுதிச் செந்தோமிங்கில் அடிமைகளை வைத்த செயலை ஒக்கும். திருநாளைப்போவார் அறுபத்துமூவருள் ஒருவராய்த் தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் வணங்கப்பட்டிருக்கவும், அவர் குலத்தார்க்கு மதுரைத் திருக்கோயில் 1939-ல்தான் திறந்தது. மேனாட்டார் குறையை எண்ணுங்கால் இதனையும் உடன் எண்ணுதல் அடியார்க்கு அழகு.

அறிவு வேண்டற்பாலது, அருள்வழி நிற்கும் அறிவே வேண்டற்பாலது. புரட்சிகள் விட்டுச்சென்ற நன்மையை ஏற்று, அவை தாங்காது விட்ட இடத்தை அன்பினால் நிரப்புதல் சைவ நன்மக்கள் கடன்.

திருச்சிற்றம்பலம்